மூன்று சொல் நிபுணர்

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தபோது, இணையத்தில் தேடும் வித்தை எனக்கு மட்டுமே கைவந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் சொல்வதில் மூன்று சொல்லைப் பொறுக்கித் தட்டுவேன். மிச்சத்தைக் காதில் வாங்க மாட்டேன். அந்தக் காலத்துத் தேடுபொறியும் அப்படித்தான். தட்டிய சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஒருநாள் கரும்பு பயிரிடும் அக்கா ஒருவர், நெடுக்காகப் பிளந்த கரும்போடு வந்தார். சோகை இலை காய்கிறது, உள்ளே சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டு இருக்கிறது, புளித்த வாசனை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு 'கரும்பு சிவப்பு வாசனை' என்று தட்டினேன். பொங்கல் கரும்புப் படங்களும் கரும்புச்சாறு தயாரிக்கும் முறையும் வந்தன. அப்படி ஒரு நோயே கிடையாது என்று டாக்டர் மாதிரி சொல்லி அனுப்பினேன்.

பல வருடம் கழித்து, சென்டர் ஜெராக்ஸ் கடையாகச் சுருங்கியிருந்தது. அதே அக்கா பட்டாவை நகலெடுக்க வந்தார். நான் எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரருக்காகப் போனிடம் கேட்டார்: "கரும்ப பொளந்தா உள்ள செவப்பா கீது, புளிச்ச வாசன வருது, இது இன்னா நோவு?"

'செவ்வழுகல் நோய்' என்று பதில் வந்தது. அவர் கேட்டதில் அந்தப் பெயரே இல்லை.

எட்டிப் பார்த்த என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அன்று என் பேச்சை நம்பித் தன் நிலத்துக் கரும்பையே வெட்டி விதைக்கரணையாக நட்டதையும், அதே நோய் வந்த அடுத்த பயிரை அப்படியே உழுதுபோட்டதையும் கோபமில்லாமல் சொன்னார்.

"இது நான் சொல்றத கடைசி வரைக்கும் கேக்குது தம்பி. நீ பாதியிலயே நிறுத்திட்ட."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். பட்டாவின் வெற்றுப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். அதையும் அவர்தான் காட்டினார்.

அன்றிரவு, போனில் வந்திருக்கும் இந்தப் புதுத் தேடலைப் பற்றித் தேடிப் படித்தேன். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழகி, கேட்பவரின் கருத்தைப் பிடிக்க இப்போது அது கற்றிருக்கிறதாம். என்னிடம்தான் அப்படி எந்த முன்னேற்றமும் நிகழவில்லை.

மறுநாள் என் முழங்கால் வலியை நானும் போனிடம் சொன்னேன். பழக்கமில்லாத கூச்சத்தில், "ஐயா, எனது இடது முழங்காலானது" என்று தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதுவதுபோலத் தொடங்கினேன். அதையும் பொறுமையாகப் புரிந்துகொண்டு, உடம்பைக் குறைக்கச் சொன்னது.