அண்ணன் வேஷத்தில் அசரியா

அசரியா கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தார். காலையில் கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, சமையல் கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற மனுஷன். அப்பா இறந்தபோது தம்பி ஜோஸ்வினுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனையும் அப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோஸ்வினுக்கு இப்போது இருபத்து நான்கு. இஞ்சினியரிங்கில் நாலு அரியர். ஜிம்மில் பயிற்சியாளராக ஆறு மாதம், கல்யாண வீடியோ எடுப்பவரிடம் நாலு மாதம். கடைசியாக, பொத்தேரியில் ஒரு சினிமா படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்குக் குறும்படம் எடுத்து, இன்று நாலு மணிக்குள் நேரில் கொடுத்தாக வேண்டும். பொறுப்பான அண்ணன், உருப்படாத தம்பி என்பதுதான் கதை. கதைக்காக அவன் எங்கேயும் அலையவில்லை.

மிச்சமிருந்தது, படத்தில் அண்ணன் முகம் தெரிகிற ஒரே ஒரு காட்சி. அண்ணனாக நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அசரியாவையே கேமரா முன்னால் நிறுத்தினார்கள். வசனம் ஒரே வரி.

"வெளிய போடா! இனிமே இந்த வீட்டு வாசல்ல கால வைக்காத!" என்று கத்திய அசரியா, அதே மூச்சில், "ஹெல்மெட் போட்டுக்கோ" என்றார்.

அடுத்த டேக்கில் குடையை நீட்டினார். ஆறாவதில், திட்டிக்கொண்டே போய் ஃபேனை அணைத்தார். வெளிச்சத்துக்காகத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி பியூலா, "என்னங்க, தம்பியத் துரத்துறீங்களா, டூருக்கு அனுப்புறீங்களா?" என்று சிரித்தாள்.

மணி இரண்டே கால். "அண்ணா, கொஞ்சமாவது கோவப்படுண்ணா!"

"வந்தா படமாட்டேனாடா?"

ஜோஸ்வின் ஒரு நிமிடம் யோசித்தான். கேமராவை ஓடவிட்டு எதிரில் வந்து நின்றான்.

"அண்ணா, போன வருஷம் அரியர் எழுத என்னைக் காலேஜ் கேட்டுல விட்டுட்டு வந்தியே? நான் உள்ள போகவே இல்ல. உன் வண்டி திரும்பினதும் படத்துக்குப் போயிட்டேன்."

அசரியாவின் காது சிவந்தது. "கொஸ்டின் பேப்பர் கஷ்டம்னு சொன்னியேடா! உனக்காக மூணு நாள் உபவாசம் இருந்தேனேடா! வெளிய போடா! இனிமே இந்த வீட்டு வாசல்ல கால வைக்காத!"

ஹெல்மெட் வரவில்லை. குடையும் வரவில்லை.

"ஓகே! சூப்பர்ண்ணா!" என்று ஜோஸ்வின் குதித்தான்.

"டேய், நீ சொன்னது நடிப்புதானே?"

ஜோஸ்வின் தலையைக் குனிந்துகொண்டான். பியூலா தெர்மாகோலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்தக் காட்சியைப் படத்தோடு ஒட்டி முடித்து, பென்டிரைவில் ஏற்றியபோது மணி மூன்று. ஜோஸ்வின் வண்டிச் சாவியைத் தேடினான். அது அசரியாவின் கையில் இருந்தது. இன்னொரு கையில் இரண்டு ஹெல்மெட்.

"அண்ணா, நேரமாச்சு, சாவியக் குடு."

"பின்னாடி உக்காரு."

"நானே போய்க்குறேண்ணா."

"உக்காருடா. இன்னிக்கு கேட்டுல விட்டுட்டுத் திரும்பி வர்றதா இல்ல" என்றார் அசரியா. "நீ குடுக்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்."

வண்டி தெருமுனை வரை போயிற்று. கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வந்தது.