கடைசி வரிசையில் ஒரு பேஜர்

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பிறக்கும்போதே அதிகாரிகளாகத்தான் பிறப்பார்கள். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் கிராணியானார், அதாவது குமாஸ்தா. அப்பா தலைமைக் கிராணி. நான் தொண்ணூறுகளில், பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் கணினிப் பிரிவின் தலைவன். பிரிவு என்றால் நானும், எனக்குக் கீழே, தம்பி என்று நான் கூப்பிடும் ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞரும். தலைவன் என்று கதவில் பலகை மாட்ட, கீழே ஒருவராவது வேண்டுமல்லவா?

சர்வர் அறையில் ஒரு கண்காணிப்பு மென்பொருள் ஓடியது. டிஸ்க் நிரம்பினாலோ, ஏர்கோன் நின்று அறை சூடானாலோ, அதுவே போன் போட்டு எங்கள் இடுப்பிலிருந்த பேஜரை அலறவைக்கும். அதை எழுதிய வெள்ளைக்காரர்களுக்குப் புனிதமான நாள் ஞாயிறு ஒன்றுதான். தம்பிதான் உட்கார்ந்து அதன் அமைப்புக் கோப்பில் பினாங்கைப் புகுத்தினார். வெள்ளி மதியத் தொழுகை நேரத்திலும் நோன்புப் பெருநாளன்றும் எச்சரிக்கை என் பேஜருக்கு வரும். தைப்பூசம், தீபாவளி என்றால் அவருடையதற்கு. மற்ற நாட்களிலும் அவருக்குத்தான். தலைவனைத் தொந்தரவு செய்யலாமா?

புதிய பதிப்பு வந்தது.

"அண்ணே, ஏத்துறதுக்கு முன்னாடி பழைய செட்டிங் ஃபைலை டிஸ்கெட்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க. இல்லன்னா எல்லாம் போயிரும் லா."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் பாத்தவன் தம்பி நான்."

பொய். அவர் பிறந்தபோது நான் பார்த்திருந்த ஒரே இயந்திரம் அப்பாவின் டைப்ரைட்டர்.

ஏற்றும்போது மென்பொருள் ஒரே ஒரு கேள்வி கேட்டது: பழைய அமைப்புகளை அழித்துவிட்டுப் புதியவற்றை வைக்கவா? சாப்பாட்டு நேரம். யோசிக்க என் வயிறு அவகாசம் தரவில்லை. என்டரைத் தட்டினேன். பினாங்கு அழிந்தது, ஞாயிறும் தம்பியின் பேஜர் எண்ணும் மட்டும் மிஞ்சின.

வெள்ளி மதியம் கப்பல் பத்திரங்கள் குவிந்து டிஸ்க் நிரம்புவது வழக்கம். அந்த வாரமும் நிரம்பியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில், முன்வரிசையில், அத்தா என்று கூப்பிடும் தன் தந்தையோடு உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் இடுப்பு அலறியது. வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"என்னண்ணே இது! இமாமே நிறுத்திட்டுப் பாக்குறாரு. வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தானே அடிக்கணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருவேளை பழைய கோப்பை நினைவிலிருந்தே அவர் மறுபடி எழுதியிருப்பார். ஆனால் நான் காப்பி எடுக்கவில்லை என்று தெரிந்துபோகும். எனவே, "புது வெர்ஷன்ல அந்த வசதியை எடுத்துட்டானுங்க தம்பி. ஒரு பேஜருக்குத்தான் அடிக்குமாம்," என்றேன்.

"கழுதைங்க," என்று வெள்ளைக்காரர்களைத் திட்டினார். புதுப் பதிப்பின் கையேடு என் மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் என் பேஜரை நீங்க வச்சுக்கங்களேண்ணே."

"கையெழுத்துப் போட்டு வாங்கினது தம்பி. கை மாறக்கூடாது. ஆபீஸ் ரூல்."

அந்த விதி அந்த நொடியில்தான் பிறந்தது. காரணம் கௌரவம் மட்டுமல்ல. பழைய ஏற்பாட்டில், தொழுகை முடியும்வரை நான் ஆபீஸில் கட்டுண்டு கிடப்பேன். இப்போது வெள்ளி மதியங்களில் லிட்டில் இந்தியாவில் வாழையிலை விரித்து, மீன் தலைக் கறியின் கண்ணைத் தோண்டிச் சாப்பிட்டேன். தைப்பூசத்தன்று வழக்கம்போலத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறினேன். என் பேஜர் முருகனைப் போலவே வாய் திறக்கவில்லை.

தம்பி கடைசி வரிசைக்கு மாறினார். பேஜரை அதிர்வில் வைத்துக்கொண்டு, யாரையும் மிதிக்காமல் வெளியே ஓட வசதியாகச் செருப்புகளுக்குப் பக்கத்தில். அத்தா மட்டும் முன்வரிசைக்குப் போனார்.

"அத்தா கேக்குறாருண்ணே, 'ஏண்டா, என்கூட ஏதாச்சும் கோவமா, செருப்புக்கிட்ட போய் நிக்கிறே?'ன்னு. பேஜர்னு சொன்னா அவருக்குப் புரியல லா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கடையில் மீன் தலை இருந்தது.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒருநாள் அத்தா இறந்துபோனார்.

உடலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தபோது நானும் போனேன். தொழுகையில் சேராதவன் என்பதால் வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி வெள்ளிதோறும் நின்ற இடம் அது என்று உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அங்கிருந்து முன்வரிசை தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன.

மறுநாள் டிராயரைத் திறந்து கையேட்டை எடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் பினாங்கைத் திரும்பப் புகுத்தும் வேலை முடிந்துவிட்டது. அந்த வெள்ளியன்று என் பேஜர் அடித்தது. ஆபீஸிலேயே உட்கார்ந்து டிஸ்கைக் காலி செய்தேன். தம்பி திரும்பி வந்து இடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது செத்துப் போச்சா? அடிக்கவே இல்ல."

உண்மையைச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு. "இன்னும் புது வெர்ஷன் வந்திருக்கு தம்பி. அந்த வசதியைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"அப்படியா! நல்லதுண்ணே. அத்தா இருந்திருந்தா..." பேஜரை இடுப்பில் சரிசெய்துகொண்டார். பிறகு, "சாயங்காலம் வாங்கண்ணே, நாசி கண்டார் நான் வாங்கித் தாரேன்," என்றார்.

போனேன். குழம்பைச் சோறு முங்க ஊற்றச் சொன்னேன். கூட ஒரு முட்டையும் கேட்டு வாங்கினேன். விரலை நக்கும்வரை சாப்பிட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அவர் இப்போது ஜெலுத்தோங்கில் இருக்கிறார். தமிழில் எது அச்சானாலும் வாங்கிப் படிப்பவர். இதைப் படித்த பிறகு என்னை அண்ணே என்று கூப்பிடாவிட்டால், அது நியாயம்தான்.