மாமா ஊதிக் காட்டிய கோடை

“...அதெல்லாம் கெடக்கட்டும், ஊதிட்டு அப்புறம் சோத்துல கை வைங்க” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் மாமாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மாமா, என் அம்மாவின் தம்பி, அத்தையின் முகத்துக்கு நேரே ‘ஹா’ என்று ஊதினார். மோர் வாடைதான் அடித்திருக்கும். “என்னத்தையோ மென்னுட்டு வந்திருக்கீக” என்றாள் அத்தை.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் மாமாவுக்கு வேலை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயக் குழம்பைக் கரண்டியால் ஊற்றிப் பூப் போடுவார். அச்சைத் தூக்கும்போது கை அசைந்தால் சிவப்பு மஞ்சளோடு கலந்து பூ அழுது வழியும். அந்த வருஷம் மாமாவின் பூவெல்லாம் அழுதன. அந்தத் தொழிலில் கை நடுங்கினால் ஊர் வேறு காரணம் தேடாது; குடிதான். போதாக்குறைக்கு அவருக்கு வேர்த்து ஊற்றியது, மூன்று தட்டு சோறு தின்றும் சட்டை தொளதொளத்தது. முதலாளி அவரைப் பூவிலிருந்து எடுத்து, கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிப் போக விட்டார். குடித்தது உறுதியானால் சிங்கம்புணரிக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லி அத்தை பையையும் கட்டிவைத்துவிட்டாள்.

லீவுக்குப் போயிருந்த எனக்கு உத்தியோகம் கிடைத்தது. “மாமா கூடவே திரி. எங்குட்டுப் போறாக, என்ன குடிக்கிறாகன்னு பாரு. சட்டைய மோந்து பாத்து வந்து சொல்லு.” எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது?

மூன்று நாள் சுற்றினேன். அவர் குடித்தது தண்ணீர், செம்பு செம்பாக. நான்காம் நாள் கல்லோடு நடந்தவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். இதுதான் சமயம் என்று நெஞ்சில் மூக்கை வைத்தேன். காதும் கூடவே போய் ஒட்டியது.

“என்னத்தா, திருடனப் பிடிச்சிட்டியா?” என்று சிரித்தார். மூச்சு வாங்கியது.

அத்தையிடம் சொன்னேன்: “வேர்வை நாத்தந்தான். ஆனா மாமா நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாக. நடுநடுவுல தடுக்கித் தடுக்கி விழுறாக.”

“நல்ல கூத்து” என்ற அத்தை, வீடு திரும்பிய மாமாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் காரைக்குடிக்குப் போனோம். சிங்கம்புணரிக்குக் கட்டிய பைதான் கூட வந்தது.

டாக்டரம்மா மாமாவின் கைகளை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளைப் போட்டார். தாள் படபடத்தது. ஒரு வாய் தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கழுத்தையே பார்த்தார். ஈசிஜி எடுத்தார்கள். அந்தச் சீட்டில் கோடுகள் ஒன்று கிட்டத்தில், ஒன்று எட்டத்தில் என்று இஷ்டத்துக்கு நின்றன. எட்டிப் பார்த்த மாமா, “இந்தக் கோடு போட்டவன் என்னையவிடக் குடிச்சிருப்பான் போலயே” என்றார். அத்தை சிரிக்கவில்லை.

மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. “கோளாறோட வேர் நெஞ்சுல இல்லை, கழுத்துல” என்றார் டாக்டரம்மா. “தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குது. அது விரட்டுற விரட்டுல இதயம் தாளம் தப்பி ஓடுது. கை நடுக்கமும் அதனாலதான். குடியில்லம்மா இது. இப்படியே விட்டிருந்தா ஆபத்து. மாத்திரையை நிறுத்தாம சாப்பிட்டா, கொஞ்ச மாசத்துல பூப் போடலாம்.”

சாயங்காலம் வீட்டில் அத்தை சோறு போட்டாள். மாமா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். அத்தை ஊதச் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். டாக்டர் சொல்லியும் சந்தேகம் தீரவில்லை, சாராயத்தை உள்ளே எங்கேயோ ஒளித்திருப்பதாக நினைக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஏனென்றால் அவள் மாமாவின் நெஞ்சில் காதை வைத்து, சோறு ஆறும்வரை எடுக்கவேயில்லை.