இலையில் ஊற்றிய பாயசம்

வாழையிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் குடியிருந்த நிக்டியிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். "பூஜையா மாவ்ஷி?" என்று, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, மராட்டிக் கண்டக்டர் கேட்டான். "இல்லப்பா, வைத்தியம்" என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வலப்பக்கம் இறுக்கம். வலது கை மடங்கியே இருக்கும், விரல் பிரியாது. ஒன்பது வயதிலும் நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உடுத்த, குளிக்க, சாப்பிடப் பழக்கிக் கொடுக்கிற தெரபி மேடம் ஒருவர் இருந்தார், மராட்டிக்காரர். கையை உருவிவிட்டுத் தைலம் எழுதித் தருவார் என்று நினைத்துப் போனால், "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று பிள்ளையைக் கேட்கிறார். என்னைக் கேட்கவில்லை. இவளும் கூசாமல், "பந்தியில உக்காந்து நானே சாப்பிடணும்" என்றாள்.

அவள் மனசில் இருந்தது எனக்குத் தெரியும். வானவடியில் என் நாத்தனார் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் இவளுக்கு அடுக்களையில்தான் சோறு. அடுத்த மாசம் அங்கே வளைகாப்பு.

மேடம் பொம்மைச் சோறு வைத்துப் பழக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாம்பார் சாதத்தையே கொண்டுவரச் சொன்னார். "இடது கை சாப்பிடட்டும், வலது கை தட்டைப் பிடிக்கட்டும். வேலையில்லாத கை என்று ஒன்று கிடையாது" என்பார். விளிம்பு உயர்ந்த தட்டில் சீக்கிரமே பழகிவிட்டாள். பந்தியில் தட்டு கிடையாது, இலைதான் என்று நான் சொன்னதும், "அப்படியானால் இலையைக் கொண்டு வாங்க" என்றார். இலை வழுக்கியது, ரசம் ஓடியது, இவள் அழுதாள். மேடம் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, அந்த மடங்கிய முஷ்டியையே இலையோரத்தில் பாரமாக வைக்கச் சொல்லி, சோற்றை நடுநரம்பில் அணைத்து எடுக்கக் காட்டினார். இலை நின்றது.

வளைகாப்பன்று நேராகப் பந்தியில் அவளை உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் வந்தாள்.

"ஏட்டி, பெரியவங்க இருக்கிற பந்தியில பீச்சாங்கையா? உள்ள கூட்டிட்டுப் போய் ஊட்டிவிடு."

"சோப்புப் போட்டுக் கழுவின கை, மதினி. வேணும்னா மோந்து பாருங்க."

எதிர்வரிசையில் ஒரு கிழவர் எச்சில் தெறிக்கச் சிரித்தார். நாத்தனார் முகம் சிவந்து நகர்ந்தாள். மகள் யாரையும் பார்க்கவில்லை. சாம்பார் முடிந்தது, ரசம் முடிந்தது. பாயசம் வந்தபோது நாத்தனாரே ஒரு டம்ளரில் கொண்டுவந்து இவள் முன்னால் வைத்தாள்.

"டம்ளர் வேண்டாம் அத்தை. எல்லாருக்கும் போல இலையிலேயே ஊத்துங்க."

ஊற்றினாள். பாதி வாய்க்குப் போனது, பாதி பட்டுப்பாவாடையில் வழிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றாள் என் மகள். பாவாடையைத் துவைக்க நான் இருக்கிறேன், யாருக்கு என்ன?

இன்று அவள் வேலைக்குப் போகிறாள், ஆபீஸ் கேண்டீனில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கல்யாண வீடுகளில் இன்னமும் சிலர் அவள் கையை உற்றுப் பார்க்கத்தான் செய்கிறார்கள். நான் அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பேன். முதலில் கண்ணை எடுத்தவள் நானாக இருந்ததே இல்லை.