டெலிபோனில் படித்த மலாய்

எனக்கு மலாய் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வெயில் ஏறியபின் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வேலைக்கு நடுவில் மீன் கொண்டுவரும் மலாய்க்காரரிடம் பேரம் பேசியிருக்கிறேன், காய்கறி விற்கும் சீனரிடம் சண்டை போட்டிருக்கிறேன், சிம்பாங் பூலாய் கிளினிக்கில் பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறேன். எல்லாம் மலாயில்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள் என்பதால் என்னிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று அதற்கு அர்த்தம். நீலக் கார்டு வேண்டுமானால் அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக் காட்ட வேண்டும். எழுபதுகளில், தோட்டத்தில் இருந்தபோதே, ஒரு தடவை போனேன். என்ன வேலை என்று கேட்டார். இரண்டு கையாலும் தொட்டில் ஆட்டிக் காட்டினேன். சோறூட்டிக் காட்டினேன். பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவதைக்கூடக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, சிரித்துவிட்டார். "சக்காப், மக்சிக், சக்காப்" என்றார். பேசுங்கள் அம்மா, பேசுங்கள் என்று சொல்கிறார். இவ்வளவு நேரம் நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரியவில்லை. மலாய் போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் ஊர் வந்து அந்த அதிகாரிக்குக் காது சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மகனோடும் மருமகளோடும் ஈப்போ நகரத்துக்கு வந்தேன். மகனுக்கு கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமைதான் வருவான். அவன் பேசுவதற்காக வீட்டில் டெலிபோன் வைத்திருந்தோம். நாங்கள் வெளியே பேசிப் பணத்தைக் கரைத்துவிடக் கூடாது என்று எண் சுற்றும் வட்டில் ஒரு குட்டிப் பூட்டும் போட்டிருந்தான். அழைப்பு வந்தால் எடுக்கலாம். நாங்கள் அழைக்க முடியாது.

ஈப்போவில் ஆண்டுக் கடைசி என்றால் மழை. மதியம் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். அப்புறம் ஊரே தண்ணீர். தோட்டத்தில் மழை பெய்தால் மரம் சீவ முடியாது, கொட்டகைக்குப் பிள்ளைகள் வராது, ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் பேச ஆள் இருக்கும். இங்கே மழை என்றால் சன்னலைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதுதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த மண்டபத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, மழைக்காலத்துக்கு மட்டும் வயதானவர்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், குரல் சன்னம், பிடிவாதம் இரும்பு. மலாய் பேசப் பழக்குவார். கை கால் நீட்டி மடக்கச் சொல்வார். முடிவில் பால் விடாத தே ஓ டீயும் பிஸ்கட்டும் ஊர்க்கதையும். தோட்டத்தை விட்டு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

நீலக் கார்டுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருந்த எனக்கு அந்த மழைக்காலத்தில் அழைப்பு வந்திருந்தது. மழை விட்ட கையோடு அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் இன்னொரு தடவை விண்ணப்பிக்க எனக்கு ஆயுசு இருக்குமா என்பது சந்தேகம்.

பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குப் படாத காலில் பட்டது. பின் சந்தில் பாசி பிடித்த சாக்கடைப் பலகையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தேன். மழைக்காலம் முடிகிற வரைக்கும் கட்டைப் பிரிக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்த மகன் காலைப் பார்த்தான். "இந்த வயசுல நீல ஐசி வாங்கி என்னம்மா பண்ணப் போறீங்க? விடுங்கலா. நான் பாத்துக்க மாட்டேனா?" என்றான்.

"நீ பாத்துக்குவடா. உன் வீட்டுல இருக்கேன், அது சரி. இந்த நாட்டுல நான் யாரு வீட்டுல இருக்கேன்?" என்று கேட்டேன்.

நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் பிறக்கும்போதே நீலம். சிவப்பின் உறுத்தல் அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் டீச்சரம்மா நலம் விசாரிக்க டெலிபோன் செய்தார். நலமெல்லாம் அப்புறம் என்றேன். "டீச்சர், நான் அங்க வர முடியாது. வகுப்பை இங்க அனுப்புங்க. இதுலயே சொல்லிக் குடுங்க" என்றேன். "சரிக்கா. நாளைக்கு மூணு மணிக்கு எடுங்க" என்றார்.

மண்டபத்தில் டெலிபோன் கிடையாது. பக்கத்துச் சீனர் மளிகைக் கடையில்தான் உண்டு. டீச்சரம்மா அந்தக் கடை முதலாளி தவுக்கேயிடம் என்ன பேசினாரோ, மறுநாள் வகுப்பே கடைக்குள் போய்விட்டது. அரிசி மூட்டை மேலும் எண்ணெய் டின் மேலும் கிழங்கட்டைகள் உட்கார்ந்திருக்க, டீச்சரம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

முதல் நாள் கேள்வி: சந்தையில் என்ன வாங்கினீர்கள்?

பதில் சொன்னேன். மீன் வாங்கினேன், இவ்வளவு நீளம், இப்படித் துள்ளியது, செவுளைத் தூக்கிப் பார்த்தேன், விலை அதிகம் என்று வைத்துவிட்டு நடந்தேன், அவர் கூப்பிட்டார், திரும்பி வந்தேன்.

"அக்கா, இருக்கீங்களா?" என்றார் டீச்சரம்மா.

"இருக்கேனே."

"பதில் சொல்லுங்க."

"இப்பத்தானே அவ்வளவும் சொன்னேன்!"

"எனக்கு மீனுக்கு 'ஈக்கான்'னு ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. மிச்சமெல்லாம் வளையல் சத்தம். கைய கீழ போடுங்கக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் இடது கை காற்றில் இன்னும் மீனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சு வராத பிள்ளைகளோடு அத்தனை வருஷம் இருந்தவள் நான். பசியா, தூக்கமா, வயிற்று வலியா என்று அதுகளின் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். என் கையைப் பார்த்து அதுகள் தெரிந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஊர் உலகத்தோடு எல்லாம் கையாலேயே பேசி வந்திருக்கிறேன். மீன்காரர், காய்கறிக்காரர், கிளினிக்கில் மருந்து கொடுப்பவர் எல்லோரும் என் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த அதிகாரிக்குக் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. டீச்சரம்மாவின் வகுப்பிலும் அதே கதை நடந்திருக்கிறது. கண்ணால் பார்த்தபடி இருந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

வளையலைக் கழற்றி வையுங்கள் அத்தை என்றாள் மருமகள். புருஷன் செத்தபோதே பத்துப் பேர் வந்து கழற்றச் சொல்லி நான் கழற்றாத வளையல் அது. மலாய்க்காகவா கழற்றுவேன்? ரிசீவரை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். சரி, வாயைக் கண்டுபிடிப்போம் என்று இறங்கினேன். சமையலறையில் இருக்கும் மருமகளிடம் கூடத்திலிருந்து மலாயில்தான் எதையும் கேட்பேன். சரியாகக் கேட்டால் தண்ணீர் வரும், பிசகினால் வராது. மாமியாரைத் தாகத்தோடு உட்கார வைக்க எந்த மருமகளுக்குக் கசக்கும்? அவளும் நாள் தவறாமல் ஒத்துழைத்தாள்.

வாரத்தில் பாதி நாள் டெலிபோன் வகுப்பு. நான் தடுமாறினால் கடைக்குள்ளிருந்து தவுக்கே பதிலைக் கத்துவார். அது கடைத்தெரு மலாய். டீச்சரம்மா அவரையும் சேர்த்துத் திருத்துவார். பாடம் முடிந்ததும் ரிசீவர் கைக்குக் கை மாறும். லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு அண்ணன் அங்கே உண்டு, வாயாடி. "தங்கச்சி, இங்க மழ புடிச்சிருச்சு. அங்க வந்துகிட்டு இருக்கு, துணிய எடுக்கச் சொல்லு" என்பார். ரிசீவருக்குள் முதலில் மழை கேட்கும். கொஞ்ச நேரத்தில் எங்கள் கூரையிலும் அது விழும். காலை நீட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வராது.

ஒரு நாள் அவர்தான் சீண்டினார். "எதுக்கு இந்தப் பாடு? இத்தன வருசம் செவப்புலயே ஓட்டியாச்சு. மிச்சத்தையும் ஓட்டிரலாம்லா."

"அண்ணே, விருந்தாளிக்கு மலாய்ல என்ன?" என்று கேட்டேன்.

"தெத்தாமு."

"எத்தன வருசம் தெத்தாமுவா இருக்கிறது? நீங்க இருப்பீங்களா?"

அவர் டீச்சரம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மழைக்காலத்தின் கடைசியில் ஒரு பெரிய காற்று அடித்து எங்கேயோ மரம் சாய்ந்து எங்கள் வீட்டு டெலிபோன் செத்துவிட்டது. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதிகாரியைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி ஆனதும் நான் வழக்கம்போல நாற்காலியில் போய் உட்கார்ந்து, செத்த டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, டீச்சரம்மாவின் கேள்வியை நானே கேட்டு நானே பதில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு மருமகளிடம் ரகசியமாக ஏதோ கேட்டாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றுதான் கேட்டிருப்பாள். கேட்டால் கேட்கட்டும். உரலுக்குள் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயப்பட முடியுமா?

போகவேண்டிய நாளில் மகன் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். நான் கேட்கவில்லை, அவனாக வந்தான். கட்டுப் பிரித்த காலை ஊன்றி, கைத்தடியோடு அலுவலகப் படி ஏறினேன்.

இந்தத் தடவை வேறு அதிகாரி, சின்ன வயது. உட்காரச் சொன்னார். அப்புறம் தலையே நிமிரவில்லை. முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். நான் தொட்டில் ஆட்டியிருந்தாலும், மீன் பிடித்திருந்தாலும், எழுந்து நின்று ஆடியிருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார். டெலிபோனில் பேசுவது மாதிரியேதான் இருந்தது. இரண்டு கையாலும் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பெயர் கேட்டார், சொன்னேன். எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று சொன்னேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். அதே கேள்வி. என் கை கைத்தடியிலிருந்து ஒருமுறை எழுந்தது, அமுக்கிக்கொண்டேன். தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், தூங்க வைத்தேன் என்று ஒவ்வொரு வார்த்தையாக வாயால் சொன்னேன்.

"இவ்வளவு வயதுக்குப் பிறகு ஏன் விண்ணப்பித்தீர்கள்?" என்று காகிதத்தைப் பார்த்தே கேட்டார்.

அந்தக் கேள்வியை டீச்சரம்மா கேட்டதில்லை. நான் தயார் செய்ததும் இல்லை. நான் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் தூக்கி வளர்த்த பிள்ளைகளெல்லாம் இந்த நாட்டுப் பிள்ளைகள். அதுகள் வீட்டுக்காரர்கள், தூக்கியவள் மட்டும் தெத்தாமுவா?"

அவர் தலை நிமிர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார். கைத்தடியைப் பிடித்திருந்த என் கைகளையும் பார்த்தார். "பாகுஸ், மக்சிக்" என்றார். நன்றாகச் சொன்னீர்கள் என்கிறார். பேச்சுத் தேர்வில் தேறிவிட்டீர்கள், கார்டு வரப் பல மாதம் ஆகும், பொறுத்திருங்கள் என்றார். இத்தனை காலம் பொறுத்தவளுக்கு அது ஒரு பொருட்டா?

வெளியே மகன் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு மளிகைக் கடை எண்ணைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தான். கடையில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சளசளப்பு கேட்டது, தவுக்கே அதட்டுவது கேட்டது, பிறகு எல்லாம் அடங்கி டீச்சரம்மாவின் சன்னக் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா? என்னாச்சுக்கா?"

வாயைத் திறந்தேன். மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "அக்கா, இருக்கீங்களா? சக்காப், அக்கா, சக்காப்" என்று அவர் பதறுகிறார். நான் இடது கையைத் தூக்கி ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து, அந்த வளையலை ஆட்டினேன். பலமாக ஆட்டினேன்.

டீச்சரம்மா கடைக்குள் திரும்பிக் கத்துவது கேட்டது, "பாஸாயிட்டாங்க!"

அந்த ஒரு நாள் மட்டும் அவர் என்னைக் கையைக் கீழே போடச் சொல்லவில்லை.