நோட்பேடில் எழுதிய பக்கம்

நூலகத்தில் பதினாறு வருடமாகப் புத்தகம் பதிகிற வேலை அவளுக்கு. நூலகத்துக்கு ஒரு இணையப் பக்கம் வேண்டுமென்று மேலாளர் சொன்னபோது, "நான் செய்றேன் சார்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறார் என்ற தைரியம்தான்.

"கோடெல்லாம் எதுக்குப் படிச்சுக்கிட்டு? இதுல இழுத்து இழுத்து வை, பக்கம் தானா வந்துடும்" என்று அத்தான் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். வந்தது. பார்க்க அம்சமாகவும் இருந்தது.

மூன்றாம் வாரம், கண் தெரியாத வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வந்து தன் போனை நீட்டினார். திரையை வாசித்துச் சொல்லும் குரல் "படம், படம், பட்டன், படம்" என்று ஒப்பித்தது.

"புதுசா என்ன புத்தகம் வந்திருக்குன்னு கேட்டா, இதைத்தாம்மா சொல்லுது."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. பக்கம் இணைய விதிகளின்படி இருக்கிறதா என்று சோதிக்கும் தளத்தில் கொடுத்துப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழு பிழை. அன்றே அத்தானின் மென்பொருளை அழித்தாள். இனி கோடைக் கையால் தட்டி எழுத வெறும் நோட்பேட், அந்தச் சோதனைத் தளம், வாத்தியார் வைத்திருந்த அதே வாசிக்கும் குரல். இவை போதும் என்று முடிவு செய்தாள். அந்தக் குரலுக்குப் புரியும்படி, தலைப்பைத் தலைப்பாக, பட்டியலைப் பட்டியலாகக் குறித்து எழுதப் பழகினாள். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததில் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

"இந்த வயசுல பொட்டி தட்டி என்னத்தைக் கிழிக்கப் போற?" என்றான் கணவன்.

ஏழு மாதம். பிழை இல்லை என்று வந்த வாரம், வாத்தியார் வீட்டிலிருந்தபடியே மூன்று புத்தகங்களுக்குச் சொல்லிவைத்தார்.

அடுத்த மாதம் பார்வையிட வந்த நூலகக் குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "என்ன இது, அழுது வடியுது? ஒண்ணுமே அசையலையே?" புதுப் பக்கம் செய்யும் வேலை அத்தானுக்குப் போனது. "உன்னாலதாண்டி அவருக்குக் கிடைச்சுது" என்று அக்கா வாய் நிறையச் சொன்னாள்.

அத்தானின் புதுப் பக்கத்தைச் சோதனைத் தளத்தில் கொடுத்து, வந்த பிழைப் பட்டியலை அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தாள். "எல்லாருக்கும் நல்லாத்தானே தெரியுது?" என்று அவர் அதன்மேல் தம்ளரை வைத்தார்.

வெள்ளிதோறும் அவளே வாத்தியாருக்குப் போன் செய்து புதுப் புத்தகங்களின் பெயரை வாசிக்கிறாள். இதற்கு ஆபீஸ் போனைத் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்; சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படியில் நின்று, சொந்தப் போனில்.

"நீங்க போட்ட பக்கம் எங்கம்மா போச்சு?" என்று ஒருநாள் வாத்தியார் கேட்டார்.

"எடுத்துட்டாங்க சார்" என்றுவிட்டு அடுத்த பெயரை வாசித்தாள்.