அம்மாவின் பூத்தோட்டத்துக்கு ஏறிய ஜீப்

நம் வீட்டுப் பக்கத்தில் நிற்கிற பச்சை ஜீப்பை நீங்கள் இருவரும் ஓடுகிற வண்டியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது வந்த அன்றைக்கு ஓடவில்லை. லோரியில் ஏற்றிவந்து இறக்கினோம். மூத்தவளே, நீ அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தாய். சின்னவன் பிறக்கவே இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அம்மா தேயிலைக் கொழுந்து வேலையை விட்டுவிட்டு, கம்போங் ராஜா பக்கம் ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செவ்வந்தி போட்டிருந்தாள். பாதை செங்குத்து. மழை பெய்தால் செம்மண் வழுக்கும். பூ ஏற்ற வந்துகொண்டிருந்த லோரிக்காரர் ஒருநாள் கைவிரித்துவிட்டார்.

"முடியாதுக்கா. இன்னொரு தடவ சறுக்குனா வண்டி பள்ளத்துலதான் லா."

தீபாவளிப் பூ மொட்டு விட்டிருந்தது. இறக்க வண்டி இல்லையென்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மா மறுபடி கூலிக்குப் போக வேண்டும். அவளுக்கு அதில் துளியும் மனமில்லை. எஸ்டேட் டிராக்டர் கொட்டகையில் வேலை செய்கிறவன் நான். பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சரிசெய்துவிடலாம் என்று துணிந்துவிட்டேன்.

வாங்கி வந்த ஜீப்பின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அடியில் வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸைப் பார்த்தேன். பழைய எஞ்சின் எண்ணெயைத் தடித்துப் பூசியிருந்ததால் கறுப்பாக, பலமாகத் தெரிந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு டங்கென்றது. பின்பக்கம் வந்ததும் பொத்தென்றது. முன்பு வைத்திருந்தவர் முட்டைக்கோஸ் ஏற்றிய காலத்து ஈரமண் உள்ளே புகுந்து தின்றிருந்தது. பின்னால் குறுக்கே போகும் இரும்பைக் கையாலேயே பிய்க்க முடிந்தது.

அதை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக வைக்க, பிரிஞ்சாங்கிலிருந்து வெல்டிங் போடும் தம்பியை வரச் சொன்னேன். சேசிஸை நம் வீட்டு முற்றத்தில் மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, பின்பக்கம் ரசமட்டம் வைத்து, ஒரு பக்கம் பலகை கொடுத்துச் சமமாக்கினேன். தம்பி முதலில் பிடித்து நிற்க மட்டும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்தான்.

அப்போதுதான் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொழுந்து எடுக்கிறவர்கள் செடிமேல் நீளக் கம்பைப் படுக்க வைத்து, மேலும் கீழும் இல்லாமல் சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் அவளுக்குக் கையிலேயே இருந்தது. பீன்ஸ் கொடிக்கு ஊன்றும் கம்பு இரண்டை எடுத்தாள். சேசிஸின் முன்னால் குறுக்கே ஒன்று, பின்னால் ஒன்று. தள்ளி நின்று ஒரு கண்ணை மூடினாள்.

"ஏங்க, ரெண்டு கம்பும் சண்ட போட்டுக்கிட்டு நிக்குது. இங்க வந்து பாருங்க."

"மட்டம் வச்சுத்தான் பாத்தேன் புள்ள."

"பின்னால வச்சீங்க. முன்னால?"

முன்னால் நான் பார்க்கவே இல்லை. மழைநீர் ஓடட்டும் என்று வரிசையாக நிற்கும் நம் எஸ்டேட் லைன் வீட்டு முற்றங்கள் எல்லாம் கால்வாய்ப் பக்கம் சாய்த்துத்தான் சிமெண்டு போட்டவை. முன்பக்கம் அந்தச் சாய்விலேயே நின்றது. பின்பக்கத்தை மட்டும் நான் நிமிர்த்தியதால் சேசிஸ் முறுக்கிக்கொண்டது.

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, அக்காவ மொதல்லயே கூப்ட்டுருக்கலாம் லா! வெல்டிங் குச்சியாவது மிஞ்சியிருக்கும்."

"சிரிச்சது போதும், அறுக்க முடியுமா?" என்றாள் அம்மா.

"பொட்டுதானேக்கா. அறுத்துரலாம்."

அறுத்தோம். இரண்டு கம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மாதிரி தெரியும்வரை கட்டைகளை மாற்றினோம். மூலைக்கு மூலை கயிறு பிடித்தும் பார்த்தோம். பிறகுதான் முழு வெல்டிங். பட்டை ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாகப் பிரித்து, துரு தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். பிரேக் குழாய்கள் எல்லாம் புதிது.

எஞ்சினையும் பிரித்துப் பழுது பார்த்து மாட்டி ஓட்டியதும் மேட்டில் ஜம்மென்று ஏறியது. நான் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன்.

"ஏறும்னு தெரியும். பூவோட எறங்குமா? அதக் காட்டுங்க" என்றாள் அம்மா.

உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈரப் பாதையில் இறங்கினேன். அவள் பின்னால் நடந்து வந்தாள். செங்குத்தான இடம் பார்த்து, "இங்க நிறுத்துங்க!" என்று கத்தினாள். மிதித்தேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல் ஜீப் அப்படியே நின்றது. அவள் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து நிலக்கார முதலாளியைக் கூப்பிட்டாள்.

"தவுக்கே, நெலத்த வேற யாருக்கும் குடுத்துராதீங்க. வர்ற வருசமும் நாந்தான்."

அன்றைக்கே மேலே சும்மா கிடந்த பாத்திக்கும் நாற்று கேட்டுச் சொல்லிவிட்டாள்.